பழைய பைக்: ஓட்டுவதா, பிரிப்பதா, மாற்றுவதா, விற்பதா?

முப்பது, முப்பத்தைந்து வயதான பைக் ஒன்று கையில் இருக்கிறது. அதிலேயே தினமும் வேலைக்குப் போய்வரலாமா என்று யோசிக்கிறவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "செலவு கட்டுப்படியாகுமா?" என்பதைத்தான். பழைய வண்டியின் செலவு பெரும்பாலும் சில்லறைச் செலவு: ஒரு கிளட்ச் ஒயர், ஒரு ஜோடி பிரேக் ஷூ, இன்ஜின் மூட்டுகளில் கசிவைத் தடுக்கும் ஒரு கேஸ்கெட். உண்மையில் கையைக் கடிப்பவை வண்டி நிற்கிற நாட்கள். எட்டு மணிக்கு உதைத்த வண்டி எட்டேகாலுக்கும் உயிர்பெறாமல் நின்றால், அந்தக் காலை போனது போனதுதான். அதனால் இந்த ஒப்பீட்டைப் பணத்தை வைத்துச் செய்யாமல் காலைகளை வைத்துச் செய்கிறேன். ஓராண்டில் எத்தனை காலைகளை இழக்க உங்களால் முடியும்? ஐந்தா, பத்தா, ஒன்றுகூட முடியாதா? அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என் வண்டி ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர், இரண்டு பக்கமும் டிரம் பிரேக். பதினோரு ஆண்டுகளாக அதில்தான் போய்வருகிறேன். என்முன் இருந்த வழிகள் நான்கு. இருக்கிறபடியே ஓட்டி, தேயத் தேயச் சரிசெய்துகொண்டு போவது ஒன்று. முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது இரண்டாவது. பழைய உடம்பில் புதிய உறுப்புகளைப் பொருத்துவது மூன்றாவது. அன்றாடத்துக்கு ஒரு புதிய வண்டி வாங்கிக்கொண்டு பழையதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்வது, அல்லது விற்றுவிடுவது நான்காவது. இவற்றில் மூன்றை நானே செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் நன்றாகச் சூடுபட்டுக்கொண்டேன்.

முதலில் வண்டியைக் கேளுங்கள்

"பழைய பைக்" என்பது ஒரே சாதி அல்ல. ஹோண்டா சூப்பர் கப் 1958இல் வந்தது. 2017இல் அந்த வரிசையின் உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது. அத்தனை கோடி வண்டிகள் ஓடிய இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் கிடைக்காமல் போவது அரிது. யமஹாவின் எஸ்ஆர் வரிசையும் அப்படித்தான்: 1978இல் வந்த அமைப்பு பெரிய மாற்றமில்லாமல் 2021வரை தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம், சில ஆண்டுகள் மட்டுமே தயாரான நான்கு சிலிண்டர் வண்டிகள் இருக்கின்றன. நான்கு கார்புரேட்டர்களையும் ஒரே சீராக இழுக்கவைப்பதற்கே ஒரு முழுநாள் போய்விடும். அதிலொன்றின் ரப்பர் வாய் வெடித்தால் மாற்று தேடி மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

மிகப் பழையதைவிட நடுத்தரப் பழையதுதான் ஆபத்து என்றும் எனக்குத் தோன்றும். பெட்ரோலை ஊசிவழியாகத் தெளிக்கும் முறை 1980இலேயே கவாசாகியின் இசட்1000 எச்1இல் வந்துவிட்டது. பிறகு மெல்ல மெல்ல எங்கும் பரவியது. அதைக் கட்டுப்படுத்திய தொடக்ககால மின்னணுப் பெட்டிகள் செத்தால் திறந்து பழுதுபார்க்க இடமில்லை. கார்புரேட்டரை ஒரு மேசைமேல் வைத்துத் திறந்துவிடலாம். பிசின் ஊற்றி மூடிய பெட்டியை என்ன செய்வது?

ஆகவே எந்த வழியைத் தேர்வதாக இருந்தாலும் அதற்குமுன் ஒரு சோதனை. கிளட்ச் ஒயர், பிரேக் ஷூ, கேஸ்கெட் செட், கார்புரேட்டரின் மிதவை ஊசி, செயின் ஸ்ப்ராக்கெட், பற்றவைப்புப் பாகங்கள்: இந்த ஆறும் ஒரு வாரத்துக்குள் உங்கள் கைக்கு வந்துசேருமா என்று விசாரியுங்கள். ஆறில் இரண்டு வராது என்றால், அந்த வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அன்றாடத்துக்கு ஆகாது. மேலே படிப்பதும் வீண்.

அடுத்து, தூரம். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தானே, பழைய வண்டி போதும்" என்பார்கள். அந்த இரண்டு கிலோமீட்டர்தான் இன்ஜினைத் தின்னும். எரிதலில் உண்டாகும் நீராவி, இன்ஜின் நன்றாகச் சூடேறினால்தான் வெளியேறும். சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் அந்த நீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலக்கின்றன. ஆயில் நிரப்பும் மூடியைத் திறந்தால் உட்புறம் பால்நிறப் பசை ஒட்டியிருக்கும். சைலன்சரும் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பதினைந்து இருபது கிலோமீட்டர் ஒரே சீராக ஓடும் பயணம்தான் பழைய இன்ஜினுக்கு மருந்து. அதுவும் வேகத்தைப் பொறுத்தது: மற்ற வாகனங்கள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் சாலையில், டிரம் பிரேக் வைத்த சிறிய வண்டிக்கு இடமில்லை.

இருக்கிறபடியே ஓட்டுவது

இந்த வழியில் இரண்டு விதமானவர்கள் இருக்கிறார்கள். கெட்ட பிறகு பார்ப்பவர், கெடுமுன் பார்ப்பவர். முதலாமவர் ஆண்டுக்கு இருபது காலைகளை இழப்பார். பிறகு பழைய வண்டியே நம்பமுடியாதது என்று ஊரெல்லாம் சொல்லுவார். இரண்டாமவர் மூன்றோ நான்கோ காலைகளைத்தான் இழப்பார், ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரத்தை வண்டிக்குக் கொடுத்துவிடுவார். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குத் தண்டனையாகத் தெரிந்தால், வாங்கவேண்டியது புதிய வண்டிதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் பார்ப்பவை எளியவை. பழைய சிறிய இன்ஜின்கள் பலவற்றில் காகித ஆயில் ஃபில்டரே கிடையாது. ஒரு வலைச்சல்லடை மட்டும் இருக்கும், கொள்ளளவும் ஒரு லிட்டரை ஒட்டியே இருக்கும். அழுக்கு ஆயிலிலேயே தங்குவதால் அதை 1,500 அல்லது 2,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவதே நல்லது. கிளட்ச் அதே ஆயிலில் மூழ்கியிருக்கும் வண்டிக்கு ஜாசோ எம்ஏ (ஜப்பானிய பைக் ஆயில் தரக்குறி) என்று குறித்த ஆயில் வேண்டும். வழுக்கலைக் கூட்டும் பொருள் கலந்த கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் நழுவ ஆரம்பிக்கும்.

டேப்பட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி, பற்றி ஒரு தவறான நம்பிக்கை நெடுங்காலமாக இருக்கிறது: சத்தம் வந்தால்தான் சரிசெய்ய வேண்டும் என்று. உண்மை நேர்மாறானது. டக்டக்கென்று அடிக்கிற டேப்பட் தொல்லைதான், உயிர்க்கொல்லி அல்ல. வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே இறங்க இறங்க இடைவெளி குறையும், சத்தமும் அடங்கிவிடும். ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது. சூடான வாயு அந்த விளிம்பில் பீறிட்டு வெளியேற வெளியேறப் புகைபோக்கிப் பக்க வால்வு கருகிவிடும். "வண்டி இப்போது எவ்வளவு அமைதியாக ஓடுகிறது பார்" என்று நண்பர் ஒருவர் பெருமையாகச் சொன்ன மாதத்தில்தான் அவர் வண்டியின் இன்ஜின் தலைப்பகுதியைக் கழற்றவேண்டி வந்தது. பல சிறிய இன்ஜின்களில் இந்த இடைவெளி 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர்வரை இருக்கும். சரியான எண் கையேட்டில் இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

டிரம் பிரேக்கில் ஒரு பார்வையிலேயே நிலைமையைச் சொல்லிவிடலாம். முழுதாக அழுத்தும்போது டிரம்மில் இருக்கும் நெம்புகோலும் அதை இழுக்கும் கம்பியும் ஏறத்தாழச் செங்கோணத்தில் நிற்க வேண்டும். அதைத் தாண்டிச் சாய்ந்தால் ஷூ தேய்ந்துவிட்டது; திருகை இறுக்கி இறுக்கிச் சமாளிப்பதில் பயனில்லை. டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே முறை.

ஒயர்கள் நடுவில் அறுவதில்லை, முனைக்குண்டின் அருகில் ஒவ்வொரு இழையாக அறும். கைப்பிடியின் கீழே வாரம் ஒருமுறை எட்டிப்பார்த்தால் தெரிந்துவிடும். நான் பழைய கிளட்ச் ஒயருக்கு இணையாகவே புதியது ஒன்றைப் பாதைபோட்டு, நாடாவால் கட்டிவைத்திருக்கிறேன். வழியில் அறுந்தால் இரு முனைகளையும் மாற்றிப் பூட்டினால் போதும்; டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை. ஒருமுறை மழையில் அது பத்து நிமிடத்தில் வேலைக்கு உதவியது.

முழுதாகப் பிரிப்பது

இதில்தான் நான் சூடுபட்டேன். பெயர் வேண்டாம், ஒரு பட்டறையில் விட்டேன். மூன்று மாதம் என்றார்கள். பதினான்கு மாதம் ஆனது. இடையில் அங்கே வேலைசெய்தவர் விலகிப்போனார். எந்தப் பெட்டியில் எந்தப் போல்ட் என்பது அவரோடு போய்விட்டது. வண்டி வந்தபோது கண்ணைப் பறித்தது. முதல் வாரத்திலேயே விளக்குகள் மினுக்கின, ஹாரன் நினைத்தபோது மட்டும் அடித்தது. காரணம் தேட இரண்டு சனிக்கிழமைகள் போயின: சட்டத்துக்குப் பூசிய புதிய பவுடர் பூச்சு, எர்த் ஒயர்கள் இணையும் இடங்களையும் சேர்த்து மூடியிருந்தது. பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுரண்டிய பிறகு எல்லாம் சரியாயிற்று.

இந்த வழியை அடியோடு மறுக்கவில்லை. சட்டத்தில் துரு உள்ளே போய்விட்டால், விபத்தில் வளைந்திருந்தால், நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்திருந்தால் வேறு வழியில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை அழகுக்காகப் பிரிப்பது, அன்றாடம் ஓட்டுகிறவருக்கு இரட்டை நட்டம். பிரிந்து கிடக்கிற மாதங்களில் எல்லாக் காலைகளும் போகும். திரும்பி வந்த பின்னும் புதிதாகப் போர் அடித்த (தேய்ந்த உட்சுவரைக் கடைந்து அகலமாக்கிய) சிலிண்டருக்கும் ரிங்குகளுக்கும் பழக்க ஓட்டம் வேண்டும். கேஸ்கெட்டுகள் கசிந்து அடங்க வேண்டும். இன்னொன்றும் நடக்கும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: கண்ணாடியாய் மின்னுகிற வண்டியைத் தெருவில் நிறுத்த உங்களுக்கே மனம் வராது. என் வண்டியில் முதல் கீறல் விழும்வரை நான் அதை ஓட்டவில்லை, காவல் காத்தேன்.

பழைய ஜப்பானிய வண்டியைப் பிரிக்கிறவர்களுக்கு ஒரு கிளைக்கதை. அவற்றின் கூட்டல்குறி ஸ்க்ரூக்கள் ஜப்பானியத் தர அளவில் இருக்கும். பல நேரம் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். சாதாரணப் பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக உட்காராமல் மேலே ஏறி வழுக்கி, தலையைத் தேய்த்துவிடும். "பழைய ஸ்க்ரூ மென்மையான இரும்பு" என்று திட்டுவோர் பெரும்பாலும் தவறான திருப்புளியைப் பிடித்திருப்பவர்களே.

பழைய உடம்பில் புதிய உறுப்பு

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. கையை மீறிப்போகும் வழியும் இதுவே. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல்: மாற்றிய பாகம் செத்தால், பழையதைத் திரும்பப் பூட்டி வீடுவந்துசேர முடிய வேண்டும்.

பாயிண்ட் பற்றவைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: இரு உலோக முனைகள் திறந்து மூடித் தீப்பொறியை எழுப்பும் பழைய முறை. கேமைத் தொட்டுத் தேயும் நார்க்கட்டை தேயத் தேய இடைவெளி குறைகிறது, தீப்பொறி தாமதமாகிறது, வண்டி சோம்பிப்போகிறது. மெல்லக் கெடுவதால் முன்னெச்சரிக்கை உண்டு. வழியில் நின்றாலும் ஒரு துண்டு உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்து வீடு சேரலாம். மின்னணுப் பற்றவைப்போ ஆண்டுக்கணக்கில் தொடாமல் ஓடும். சாகும்போது ஒரு நொடியில் சாகும், சாலையோரத்தில் செய்ய ஒன்றுமிருக்காது. இழக்கும் காலைகளை எண்ணினால் மின்னணுதான் மேல். நான் அதற்கு மாறிவிட்டேன், ஆனால் பழைய பாயிண்ட் தட்டு கன்டென்சரோடு இருக்கைக்கு அடியில் ஒரு டப்பாவில் இருக்கிறது. இதுவரை தேவைப்படவில்லை.

விளக்கில் ஏமாறாதீர்கள். பழைய வண்டியின் ஜெனரேட்டர் கொடுப்பது சொற்ப வாட். எல்இடி பல்பு போட்டால் சுமை குறைந்து பேட்டரி நன்றாக ஏறும் என்பது உண்மை. ஆனால் இழை பல்புக்காக வளைத்த பிரதிபலிப்பானில் எல்இடியை வைத்தால் ஒளி சிதறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், உங்கள் முன்னால் இருட்டே மிஞ்சும். பின்விளக்குக்கும் சிக்னலுக்கும் எல்இடி, முன்விளக்குக்குத் தடித்த புதிய ஒயரும் ஒரு ரிலேயும் என்பதே என் முடிவு. பழைய சுவிட்சுகளிலும் இணைப்புகளிலும் வோல்ட் கசிந்து போவதுதான் மங்கலான வெளிச்சத்துக்குப் பெரும்பாலும் காரணம்.

சார்ஜ் ஆவதைச் சரிபார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். 12 வோல்ட் வண்டியில் ஓய்வில் இருக்கும் பேட்டரி ஏறத்தாழ 12.6 காட்ட வேண்டும். இன்ஜினை முறுக்கினால் 14ஐ ஒட்டி ஏற வேண்டும். 15ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தவேண்டிய ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியைக் கொதிக்கவைக்கிறது. ஏறவே இல்லையென்றால் ஊரைச் சுற்றுவதற்குமுன் எர்த் ஒயரைப் பாருங்கள். என் கதை நினைவிருக்கட்டும்.

தொடக்கூடாதவை என்று நான் வைத்திருப்பவை: கார்புரேட்டரின் வகை, ஏர் ஃபில்டர் பெட்டி, சைலன்சரின் உட்புறம். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும்படி தொழிற்சாலையில் முடிவான விஷயங்கள். ஒன்றை மாற்றினால், பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைத்திருகான ஜெட்டைத் தேடும் படலம் ஆரம்பமாகும், அது முடிவதில்லை. டிரம்மை டிஸ்க்காக மாற்றும் ஆசையும் வரும். ஹோண்டா சிபி750 1969இலேயே முன்சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க்கோடு வந்தது. அப்படி வடிவமைத்த வண்டி வேறு, வேறொரு வண்டியின் ஃபோர்க்கைக் கொண்டுவந்து ஒட்டுவது வேறு. நல்ல ஷூ, சுத்தமான டிரம், புதிய ஒயர், இவற்றோடு ஒரு ஜோடி புதிய டயர் போட்டால் பிரேக் எவ்வளவு மாறுகிறது என்று முதலில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அந்த டயர் 2000க்கு முந்தையது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றி எறியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி

கேட்க இனிமையான ஏற்பாடு: திங்கள் முதல் சனி வரை புதியது, ஞாயிறு பழையது. இது பழைய வண்டிக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல். முதல் இரண்டு மாதம் ஞாயிறுதோறும் ஓட்டுவீர்கள். பிறகு ஒரு ஞாயிறு மழை, இன்னொன்று திருமணம். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகும். சிறிய ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இல்லை, அதை அடைக்க அதிகம் வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருக்கும் ஈரத்தை ஈர்த்து டேங்குக்குள் துருவை வளர்க்கும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் இளக்கிவிடும். பேட்டரி தானாக இறங்கும். ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்கும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் சீல் காய்ந்தால் காற்று உள்ளே கசிந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டனே சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தினமும் ஓடியிருந்தால் இவற்றில் பாதி நடந்தே இருக்காது.

ஆனாலும் புதிய வண்டியின் பக்கம் ஒரு வாதம் இருக்கிறது. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். ஈரச்சாலையில் பதறிப்போய்ப் பிரேக்கை அழுத்தும் கையை அது காப்பாற்றுகிறது. என் வண்டியில் அந்த வேலையை நான்தான் செய்ய வேண்டும், பதற்றத்தில் அதைச் சரியாகச் செய்வேன் என்று சத்தியம் செய்ய முடியாது. இரவில், மழையில், வேகமான சாலையில் தினமும் போகவேண்டியவருக்கும், பின்னால் ஒரு குழந்தையை ஏற்றிப்போகிறவருக்கும் நான் பழைய வண்டியைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் புதியதை வாங்கட்டும். பழையதை அன்றாடம் ஓட்டக்கூடிய இன்னொருவருக்கு விற்றுவிடட்டும்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது முதல் வழியும் மூன்றாவது வழியும் கலந்த ஒன்று. வண்டியை ஓடும் நிலையிலேயே வைத்துக்கொண்டு, வரிசையாக ஒவ்வொன்றாக முடிப்பது: முதலில் பிரேக்கும் டயரும், அடுத்து ஒயரிங், பிறகு பற்றவைப்பு, அதற்குப் பிறகு ஸ்டியரிங்கின் கோன் செட் (பேரிங்), ஸ்விங் ஆர்ம் புஷ், ஃபோர்க் சீல். இன்ஜின் கடைசி. நீலப்புகை வராமல், கம்ப்ரெஷன் காலில் உறைத்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு சனிக்கிழமையில் ஒரே வேலை. கார்புரேட்டரையும் பற்றவைப்பையும் ஒரே நாளில் தொட்டுவிட்டால், திங்கட்கிழமை வண்டி இருமும்போது குற்றவாளி யார் என்று தெரியாது. ஒரு நோட்டுப்புத்தகத்தில் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவாருங்கள். சென்ற ஆண்டு நான் இழந்த காலைகள் மூன்று என்று அந்த நோட்டுதான் எனக்குச் சொல்கிறது; நினைவை நம்பியிருந்தால் ஒன்று என்று சொல்லியிருப்பேன். அந்த மூன்று நாளும் பஸ்ஸில் போனேன். பஸ் வசதி இல்லாத இடத்தில் இருந்திருந்தால் என் முடிவே வேறாக இருந்திருக்கும்.

இந்த ஏற்பாட்டை நான் கைவிடும் நாளும் குறித்தே இருக்கிறது. சிலிண்டரை இரண்டு முறை போர் அடித்தாயிற்று. கடைசி அளவு பிஸ்டன்தான் இப்போது உள்ளே இருக்கிறது. அதற்கு மேல் புதிய லைனர், அதாவது சிலிண்டரின் உட்குழாய், வேண்டும். அதைச் செருகித் தரக்கூடியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான், அவருக்கும் வயதாகிவிட்டது.